வேகத்தடை யாருக்கு?

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடத் தெரியாத பெண்ணைத் தேடிப் பிடிப்பது கடினம். பாடசாலைக்குப் போகும் பிள்ளை, சந்தைக்குப் போகும் அம்மா, வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் அக்கா, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் என்று எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். இப்போது ஸ்கூட்டிகள் பெருகிவிட்டன. என்றாலும் ஸ்கூட்டி வாங்க வசதியில்லாதவர்களும், வாங்க விருப்பமில்லாதவர்களும் இன்னும் உழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் இரண்டாவது வகை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்.

பன்னிரண்டு வயதில் அப்பாவின் ஹம்பர் சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகினேன். இன்று ஐம்பதைத் தாண்டியும் வலிகாமத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போக ஐந்து கிலோமீற்றர், திரும்பி வர ஐந்து கிலோமீற்றர். இந்த வழியில் எந்தக் கிடங்கு எந்த மதகடியில் இருக்கிறது, எந்த இடத்தில் இடது பக்கம் ஒதுங்கக்கூடாது என்பதெல்லாம் என் கைக்கும் முதுகுக்கும் மனப்பாடம். காரில் போகிறவருக்கு வீதி கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. சைக்கிளில் போகிறவளுக்கோ அது உடம்பிலேயே ஏறி வருகிறது.

எங்கள் குடாநாடு சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற தரை. மலையில்லை, பெரிய ஏற்றமில்லை. காற்று ஒன்றுதான் எதிரி. வல்லை வெளியில் சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் ஓடியவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நெல்லியடிப் பக்கம் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் அதே காற்று, திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

1990க்குப் பிறகு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் குடாநாட்டின் பஸ்ஸும் லொறியும் அம்புலன்ஸும் சைக்கிளாகவே இருந்தது. விறகு மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், காய்ச்சலில் துவண்ட பிள்ளை எல்லாம் கரியரில் ஏறின. புது ரயரும் ரியூப்பும் கிடைப்பது அரிது. தேய்ந்த ரயருக்குள் இன்னொரு தேய்ந்த ரயரை வெட்டி வைத்து ஓடினோம். பற்றரி இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, வீட்டில் இருந்தவற்றில் எது சைக்கிளில் ஏறியதோ அதுதான் எங்கள் சொத்து. பிறகு 2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றபோது, சைக்கிளை மறந்திருந்தவர்களும் அதைத் தேடி வந்தார்கள். கடைகளில் விலை ஏறியது. எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணைக்கு அந்த வருடம் சாப்பிட நேரமில்லை. மூலையில் கிடந்த ராலிகளும் லுமாலாக்களும் தூசி தட்டப்பட்டு வெளியே வந்தன.

இவ்வளவு உழைத்த வாகனத்துக்கு வீதியில் என்ன இடம் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் வீதியின் மேற்பரப்பைப் பார்ப்போம். தார் வீதிக்கு எதிரி வாகனம் மட்டுமல்ல, தண்ணீரும்தான். ஒக்ரோபரில் தொடங்கி டிசெம்பர் வரை மாரி பெய்கிறது. எங்கள் தரை தட்டையானது. வாய்க்காலைக் குப்பையாலும் மதிலாலும் அடைத்துவிட்டால் வெள்ளம் வடிய வழியில்லை. தாரில் விழுந்த சிறு வெடிப்பால் நீர் உள்ளே இறங்கி, கீழேயுள்ள கல் படையை இளக்குகிறது. அதன்மேல் ஒரு மணல் லொறி ஏறினால் அந்த இடம் அமிழும். அடுத்த மழைக்கு அது கிடங்கு. அதற்குள் கிறவலைக் கொட்டி மூடுவார்கள். அடுத்த மாரிக்கு கிறவல் கரைந்து போய்விடும், கிடங்கு மட்டும் முன்னையிலும் அகலமாக நிற்கும். கிடங்கில் தண்ணீர் நிறைந்திருந்தால் அது இரண்டு அங்குல ஆழமா, ஒரு முழ ஆழமா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளின் தடித்த ரயர் ஏறி இறங்கிவிடும். எங்கள் ஒடுங்கிய ரயர் விளிம்பில் அடிபட்டால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசிந்து, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளை விழும். ஆணி குத்தினால் ஒரு துளை. ஒட்டுப் போடும்போது இதைப் பாருங்கள், உங்கள் ரியூப்பைக் கெடுத்தது ஆணியா வீதியா என்று தெரிந்துவிடும்.

வீதி நன்றாக இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. காபெற் வீதி வழுவழுப்பாக, உழக்கச் சுகமாக இருக்கும். அதன் விளிம்பைப் பாருங்கள். பழைய தாருக்கு மேல் புதிய தார், அதற்கு மேல் காபெற் என்று உயர்ந்து கொண்டே போக, பக்கத்து மண் கரை அப்படியே கீழே கிடக்கிறது. சில இடங்களில் ஒரு சாண் இறக்கம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்து நெருக்கும்போது நாங்கள் ஒதுங்க வேண்டியது அந்த விளிம்புக்குத்தான். முன்சில்லு கீழே இறங்கிவிட்டால் திரும்ப மேலே ஏற்றக்கூடாது. விளிம்போடு சமாந்தரமாக உரசும் சில்லு ஆளை வீதியின் நடுப்பக்கமாக வீழ்த்திவிடும், பஸ் வரும் பக்கமாக. இறங்கினால் இறங்கியபடியே நின்று, காலை ஊன்றி, சைக்கிளைத் தூக்கி வையுங்கள். இதை என் அயலிலுள்ள பிள்ளைகளுக்கு நான் அலுக்காமல் சொல்வதுண்டு.

புகையிரதக் கடவையும் இதே கதைதான். 1990இல் நின்றுபோன ரயில், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு வருடங்களில் தண்டவாளத்தைக் காணாமலே ஒரு தலைமுறை சைக்கிள் பழகிவிட்டது. தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் அதன் பக்கத்து இடுக்கில் சில்லு மாட்டிக்கொள்ளும். மழை நாளில் இரும்பு எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். நேர்குத்தாகக் கடக்க வேண்டும். சந்தேகமிருந்தால் இறங்கி உருட்டுவதில் வெட்கமேயில்லை.

இனி வேகத்தடை.

எங்கள் ஒழுங்கை ஏறும் வீதி சில வருடங்களுக்கு முன் காபெற் ஆனது. ஊரே மகிழ்ந்தது. மறு மாதமே இளவட்டங்களின் மோட்டார் சைக்கிள்கள் பறக்கத் தொடங்கின. ஒருநாள் முன்பள்ளி விட்ட நேரம், வீதியைக் கடந்த ஐந்து வயதுப் பெண்பிள்ளையை ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு. பிள்ளை பிழைத்தது, ஆனால் நடக்கப் பல மாதங்கள் எடுத்தன. கோபத்திலிருந்த ஊர் இளைஞர்கள் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கிழமையே கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து இரண்டு இடங்களில் வேகத்தடை கட்டிவிட்டார்கள். ஒன்று முன்பள்ளிக்கு முன்னால், மற்றது மதகடியில். பொது வீதியில் நாமாக எதையும் கட்டுவது சட்டப்படி சரியில்லை. ஆனால் அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது.

பிறகொருநாள் என் தையல் நாடாவைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். உயரம் 5 அங்குலம். அகலம் 14 அங்குலம். வீதியில் படுக்கவைத்த ஒரு குட்டிச் சுவர் அது. வெள்ளைக் கோடில்லை, அறிவிப்புப் பலகையில்லை.

இது ஏன் சைக்கிளுக்குப் பொல்லாதது என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சாதாரணமாக நாங்கள் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறோம். செக்கனுக்கு நாலு மீற்றர் சொச்சம். 14 அங்குலத்தைக் கடக்கச் செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தக் கண நேரத்துக்குள் சில்லு 5 அங்குலம் ஏறி இறங்க வேண்டும். முன்சில்லுக்கு ஒரு அடி, பின்சில்லுக்கு இன்னொரு அடி. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்பிறிங் உண்டு. எங்கள் சைக்கிளுக்கு இருக்கிற ஒரே ஸ்பிறிங் சீற்றுக்குக் கீழே. மிச்சமெல்லாம் முள்ளந்தண்டுதான். வயிற்றுப் பிள்ளைக்காரி அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டே போவாள்.

அடி விழாமல் இருக்க ஒவ்வொன்றிலும் நிறுத்தி எடுப்போம் என்றால் அதற்கும் விலை உண்டு. 15 கிலோமீற்றர் வேகத்தை முழுதாக இழந்து மறுபடி அதே வேகத்துக்கு வருவது, ஆளையும் சைக்கிளையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமமான உழைப்பு. வழியில் எட்டு வேகத்தடை இருந்தால் இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குச் சைக்கிளோடு ஏறியதாகக் கணக்கு. மோட்டார்காரர் இதற்குக் கைப்பிடியை ஒரு முறுக்கு முறுக்குகிறார், அவ்வளவுதான். கட்டுப்படுத்த வேண்டியது அவருடைய வேகத்தை. களைப்பதோ நாங்கள்.

அப்படியென்றால் வேகத்தடையே வேண்டாமா? நல்ல வேகத்தடை என்று ஒன்று இருக்கிறது. 1970களில் இங்கிலாந்தின் வீதி ஆய்வுகூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் பல வடிவங்களைச் சோதித்துப் பார்த்தார். அவர் தெரிவுசெய்தது 3.7 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட, வட்டத்தின் துண்டுபோல் மெதுவாக வளைந்த மேடு. அதாவது எங்களூர் மேட்டிலும் சற்றுக் குறைந்த உயரம், ஆனால் பத்து மடங்கு நீளம். அதில் மெதுவாகப் போகிறவருக்கு உறுத்தாது, வேகமாகப் போகிறவரை அது தூக்கிப் போடும். 15 கிலோமீற்றரில் போகும் எங்களுக்கு ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு செக்கன் கிடைக்கிறது. பிறகு சைக்கிள் மிகுந்த நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் இன்னும் மென்மையாக்கி, அலைபோல் எழும்பி அலைபோல் அடங்கும் வடிவம் செய்தார்கள். சைக்கிளுக்கு அது இன்னும் சுகம். குட்டிச் சுவர் வேகத்தடையில் எல்லாம் தலைகீழ். மெதுவாகப் போகிறவருக்கும் குலுக்கம். துணிந்த மோட்டார்காரரோ அதன் கரையில் விட்ட இடைவெளியால் வளைந்து வேகம் குறையாமல் போகிறார். அந்தக் கரையில்தான் நாங்களும் இருக்கிறோம்.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுபோன்ற ஒன்றுதான். கார்த்திகை மாத மழை மாலை. மின்சாரம் இல்லை. கரியரில் மரக்கறிக் கூடை கட்டிச் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு அக்கா, மதகடியில் எதிரே வந்த வெளிச்சத்துக்குக் கண் கூசி, வேகத்தடையில் ஏறியது தெரியாமல் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கணவர் இல்லாதவர். இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள். ஆறு கிழமை கையில் மாப்போட்டபடி வீட்டிலிருந்தார். நாளாந்தம் விற்றால்தான் நாளாந்தம் அடுப்பு எரியும் குடும்பம் அது. மூத்தவள் வகுப்பை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தோம். உடைத்துவிட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அப்போது அந்தச் சின்னப் பிள்ளையின் தாய் எழுந்தார்.

“உங்களுக்குக் கை முறிஞ்சது. எனக்குப் பிள்ளையே போகப் பாத்தது. அதை உடைக்கிற அண்டைக்கு நான் போய் அதுக்கு மேலை குந்தியிருப்பன்.”

ஒருவரும் பேசவில்லை. பதில் சொன்னது கையில் மாப்போட்டிருந்த அக்காதான்.

“நான் எடுக்கச் சொல்லேல்லைத் தங்கச்சி. என்ர பிள்ளையளும் உந்த றோட்டாலைதான் போகுதுகள். எனக்குத் தெரியிற மாதிரி, நான் விழாத மாதிரிக் கட்டித் தாங்கோ எண்டுதான் கேக்கிறன்.”

இரண்டு பேரின் கதையும் நியாயம். அதன்பிறகு எங்கள் வேலை எளிதாகிவிட்டது. நான் எழுதிய கடிதத்தில் இரண்டு பேரும் முதல் கையொப்பம் வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. இலங்கையில் எல்லா வீதியும் ஒரே கையில் இல்லை. ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கும், ஏனைய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கும் உரியவை. கடிதம் எழுதுமுன் உங்கள் வீதி எந்த வகுப்பு என்று கிராம அலுவலரிடமோ சபையிலோ கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டுத்தான் எழுதினோம். இருந்தும் முதல் முறை போனபோது, அந்த வீதி தங்களுடையதல்ல என்று ஒரு அலுவலர் பார்க்காமலே சொல்லிவிட்டார். இரண்டாம் முறை கோவையைக் காணவில்லை. மூன்றாம் முறை மரக்கறிக்கார அக்காவையும், இன்னும் நொண்டி நடந்த அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்று கதிரை போட்டார்கள். என் தையல் நாடா அளவுகளையும், இருக்க வேண்டிய அளவையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக வரைந்து கொடுத்தேன். முறைப்பாடாக எழுதிய நாலு பக்கம் செய்யாததை அந்த ஒற்றைப் படம் செய்தது.

வீதி மாறும்வரை நாங்கள் ஓடாமல் இருக்க முடியாது. ஆகவே என் அனுபவத்தில் சில. காற்று இறங்கிய ரயரோடு ஓடாதீர்கள். கிழமைக்கு ஒருமுறை பம் அடியுங்கள். வேகத்தடைக்கு முன்பே பிறேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறும்போது பிறேக்கை விட்டுவிடுங்கள். ஏறும் நேரம் முன்பிறேக் பிடித்தால் தலைகுப்புறப் போக வேண்டியதுதான். பெடல் இரண்டையும் சமமட்டத்தில் வைத்து, சீற்றிலிருந்து சற்று எழும்பி, முழங்கையைத் தளர்த்திக் கொண்டால் அடி காலில் இறங்கும், முதுகில் ஏறாது. இதற்கு வயதெல்லை கிடையாது, நானே செய்கிறேன். பாரத்தைக் கரியரில் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு பக்கம் தொங்கும் கூடை வேகத்தடையில் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துவிடும். பின்சில்லுக் கம்பிகள் அடிக்கடி முறிகிறதென்றால் பாரமும் குலுக்கமும் சேர்ந்த வேலை அது. “ஒரு கம்பி முறிஞ்ச உடனை வாங்கோ, மூண்டு முறியும் வரைக்கும் ஓடிப்போட்டு வாறியள்” என்பது சைக்கிள் கடை அண்ணையின் நிரந்தரப் புலம்பல்.

பிள்ளையைப் பின்னால் ஏற்றுபவர்கள் இன்னும் கவனம். குலுக்கத்தில் பிள்ளை சறுக்கினால் அதன் கால் நேராகச் சில்லுக் கம்பிக்குள் போகும். குதிக்கால் சதை கிழிந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பின்சில்லின் இரு பக்கமும் கம்பி வலையோ தகரமோ அடித்து, கால் வைக்கக் கட்டையும் பூட்டுங்கள். சேலைத் தலைப்பு, சால்வை, மழைக்கவசத்தின் வால் எல்லாவற்றுக்கும் அதே பின்சில்லுதான் இயமன். இரவில் முன்விளக்கு இல்லாவிட்டால் ஒரு ரோர்ச்சையாவது ஹாண்டிலில் கட்டுங்கள்.

எங்கள் கடிதத்துக்குச் சித்திரை கழிந்து பலன் கிடைத்தது. வேலையாட்கள் உழவு இயந்திரத்தில் வந்து முன்பள்ளிக்கு முன்னாலிருந்த சீமெந்துச் சுவரைக் கிளறி எடுத்து, தார்க்கலவையால் பன்னிரண்டடி நீளத்துக்கு மெதுவான மேடு போட்டு, வெள்ளைக் கோடும் அடித்தார்கள். முதல் நாள் அதில் ஏறி இறங்கியபோது ஏதோ சின்ன அலையில் வள்ளம் போனது போலிருந்தது. மோட்டார் சைக்கிள்களும் அங்கே வேகம் குறைக்கின்றன. அந்தத் தாய் படலையில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, பத்தில் எட்டுப் பேர் குறைக்கிறார்கள் என்றார். மற்ற இரண்டு பேரையும் அவருக்கு ஆளாய்த் தெரியும்.

மதகடி வேகத்தடைக்கு அந்த முறை தார்க்கலவை போதவில்லை. அடுத்த முறை வருவதாகச் சொல்லிப் போனார்கள். சங்கத்துப் பெண்கள் பணம் சேர்த்து அதற்கு வெள்ளைப் பெயின்ற் மட்டும் அடித்திருக்கிறோம். அது மழைக்கும் ரயருக்கும் தேய்ந்து, இப்போது இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருக்கிறது. மரக்கறிக்கார அக்கா மறுபடி சந்தைக்குப் போகிறார், மூத்தவள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். மதகடி வந்ததும் அக்கா இறங்கி, கூடையை இடது கையால் பிடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கத்தில் ஏறுகிறார்.